ஓதிக் கொடுத்தவள்

வாடைக்காற்று இறங்குவதற்கு முந்தின வாரம் எங்கள் கரையில் எவருக்கும் தலை சொறிய நேரம் இருக்காது. காற்று இறங்கிவிட்டால் தை முடியும் வரை படகுகள் மணலில் கவிழ்ந்துதான் கிடக்கும். அதற்குள் கடலில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று ஆண்கள் வெறிபிடித்து அலைவார்கள். வாரிக்கொண்டு வந்ததை அழுகவிடாமல் காப்பாற்றுவது பெண்கள் பாடு. மலாய்நாட்டுத் திரங்கானுக் கரையில் பிறந்தவளுக்கு மூக்கு எதற்கு என்று எங்களோடு வேலை செய்யும் மெக் யாம் கேட்பாள். மீன் வாடை தெரியாமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதாம் அவளுக்கு.

நாங்கள் வேலை செய்வது கல்சோமின் கொட்டகையில். அவள் வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்டு, மூன்று பக்கமும் திறந்தபடி இருக்கும். சாளை மீனைத் தலை கிள்ளி, முள் நீக்கி, சதையை வழித்து, உப்பும் ஜவ்வரிசி மாவும் சேர்த்து இடித்துப் பிசைந்து, பலகையில் நீளநீளமாக உருட்டிக் கொதிக்கிற அண்டாவில் போட வேண்டும். இந்தக் கெரோப்போக் என்றால் ஊரெல்லாம் மிளகாய்ச் சாறில் தோய்த்துத் தின்னத்தான் தெரியும். உருட்டுகிறவளின் முதுகு அதன் பிறகு ஒரு வாரத்துக்கு நிமிராது என்பது தின்கிறவர்களுக்குத் தெரியாது.

உருளை மிதந்து வந்தால் வெந்துவிட்டது என்று மற்ற கொட்டகைகளில் எடுத்துவிடுவார்கள். கல்சோம் எடுக்க மாட்டாள். மிதந்த பிறகு ஒரு யாசீன் ஓதி முடிக்கிற நேரம் வேக வேண்டும் என்பது அவள் கணக்கு. அண்டாவின் பக்கத்தில் நின்று, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆவியில் முகம் வியர்க்க, குர்ஆனில் உள்ள அந்த நீண்ட சூராவை அவள் ஓதி முடிப்பாள். கடைசி வசனத்தில் கரண்டி உள்ளே போகும். அவள் கெரோப்போக் மட்டும் நடுவில் மாவு நிற்காமல் இருப்பதன் ரகசியம் இதுதான். கொள்முதலுக்கு வருகிற பெண்கள் குறுக்கே பேசினால் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். பேசினால் மறுபடி முதலிலிருந்து ஓத வேண்டும், அதற்குள் உருளை கரைந்துபோகும்.

தன் மூத்த மகள் ரொஹாயாவுக்குத் தொழுகையும் சூராக்களும் அவள் சொல்லிக் கொடுத்தது இந்தக் கொட்டகையில்தான். நாலு வயதில் தாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகையைப் போட்டு உட்காருவாள் அந்தப் பிள்ளை. ஓர் உருளைக்கு ஒரு வசனம். கல்சோம் சொல்லி உருட்டுவாள், பிள்ளை திருப்பிச் சொல்லி உருட்டும். கோணல்மாணலாக வருகிற பிள்ளையின் உருளைகளைத் தனியாக வேகவைத்து, இது ஃபாத்திஹா, இது குல்ஹுவல்லாஹ் என்று சூராவின் பெயர் சொல்லித் தின்னக் கொடுப்பாள். தன் வாயால் ஓதினதைத் தானே தின்கிற சந்தோஷத்தில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே சின்னச் சூராக்கள் அத்தனையையும் விழுங்கிவிட்டது.

ஆனால் சூராக்களை வாயால் சொல்வது வேறு, குர்ஆனைப் பார்த்து முழுதாக ஓதி முடிப்பது வேறு. கல்சோமுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் சிற்றூரில் பெண்பிள்ளைகளுக்கு முறையாக ஓதிக் கொடுக்க ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவள் ஹப்ஸா. கல்சோமின் புருஷன் டெராமானுக்கு இரண்டாம் மனைவி.

டெராமான் இவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது கல்சோம் ஒரு வாரம் அழுதாள். பிறகு நிறுத்திவிட்டாள். அவன் வருஷத்தில் பாதி நாள் கடலில் கிடக்கிறவன். கரையில் இருந்தாலும் வலைக்குப் பக்கத்தில் தூங்குகிறவன். அதில் பாதி போனால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று எங்களிடமே சொன்னாள். ஆள் நல்லவன்தான், இரண்டு வீட்டிலும் குரலை உயர்த்த மாட்டான். உயர்த்தினால் எந்த வீட்டுச் சோறு நிற்குமோ என்ற பயம். ஹப்ஸா வயதில் சிறியவள், கிளந்தானில் மதரஸாவில் தங்கி ஓதினவள், பிள்ளை இல்லாதவள். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த அவள் வீட்டில் மாலை நேர அஸர் தொழுகைக்குப் பிறகு கம்பத்துப் பெண்பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து ஓதின.

தன் பிள்ளையைச் சக்களத்தியிடம் அனுப்புவதா வேண்டாமா என்று கல்சோம் ஒரு நோன்பு மாசம் முழுக்க யோசித்தாள். பிள்ளை ஓதாமல் நிற்பதைவிட இது மேல் என்று கடைசியில் மஞ்சள் போட்ட ஒட்டரிசிச் சோறும் ஒரு பிரம்புமாகக் கொண்டுபோய் விட்டாள். அடித்துத் திருத்தினாலும் கண்ணையும் கைகாலையும் மட்டும் எனக்கு மிச்சம் வை, மற்றதெல்லாம் உன் பொறுப்பு என்று ஓதிக் கொடுக்கிறவளிடம் சொல்லுவது எங்கள் வழக்கம். கல்சோமும் சொன்னாள், ஹப்ஸாவைப் பார்க்காமல், கதவு நிலையைப் பார்த்து.

அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல்தான். பொறாமைதான் அது. வேறு நல்ல பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது. புருஷனைப் பங்கு போட்டபோது அழுது தீர்ந்தது, பிள்ளை விஷயத்தில் தீரவில்லை. ரொஹாயா வீட்டுக்கு வந்தால் சின்னம்மா இப்படிச் சொன்னாங்க, சின்னம்மா அப்படி ஓதினாங்க என்பதுதான் பேச்சு. முக்காட்டை முன்னைவிட இறுக்கிக் கட்டினாள். துஆ கேட்டு வேண்டும்போது கையை முன்பு போல மார்புக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் உயர்த்தி ஏந்தினாள். யாரும் கவனிக்காத இந்த மாற்றங்களைக் கல்சோம் ஒன்று விடாமல் கவனித்தாள். புருஷன் சட்டையில் அடுத்தவள் அத்தர் வாசம் தெரிகிறதா என்று மோந்து பார்க்கிற பெண்களைக் கண்டிருக்கிறேன். இவள் பிள்ளையின் தொழுகையை மோந்து பார்த்தாள்.

இப்படியே பிள்ளைக்குப் பதினொரு வயதாகி, ஓதல் கடைசிப் பாகத்துக்கு வந்துவிட்டது. வாடை கழிந்ததும் ஓதி முடித்ததைக் கொண்டாடும் குர்ஆன் தமாம் வைத்துக் கம்பத்துக்குச் சோறு போட வேண்டும் என்று டெராமான் ஆடு கூடப் பார்த்து வைத்திருந்தான்.

அந்தக் கடைசி வாரத்தில் ஒரு நாள் காலை, மீன் கூடைகள் கொட்டகையின் ஓரம் வரை அடுக்கியிருந்தன. பள்ளிக்கூட விடுமுறை, ரொஹாயாவும் எங்களோடு உட்கார்ந்து தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுச் சின்னவள் மிலா, கூடைகளுக்கு நடுவே பூனைகளை விரட்டிக்கொண்டிருந்தாள். முதல் அண்டாவில் உருளைகள் மிதந்து வந்தன. கல்சோம் மீன் ரத்தம் காய்ந்த கையால் கரண்டியை எடுத்துக்கொண்டு யாசீனை ஆரம்பித்தாள். பாதி தாண்டியிருப்பாள். ரொஹாயா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அம்மா, இந்தக் கையோட ஓதாதீங்க. பாவம்."

கல்சோம் ஓதிக்கொண்டே புருவத்தை உயர்த்தினாள்.

"கைகால் மூஞ்சி கழுவி ஒளு செய்யாம, மீன் அழுக்கோட குர்ஆன ஓதினா பாவம். சின்னம்மா சொன்னாங்க. இங்க உக்காந்து நான் ஓதினதெல்லாம் கூட சரியில்லன்னு சொன்னாங்க."

எங்கள் கைகள் நின்றுபோயின. கல்சோமின் யாசீன் எந்த வசனத்தில் அறுந்ததோ தெரியாது. கரண்டியைப் பிடித்தபடி அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் போனது. யாராவது சொல்லியிருக்கலாம், ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. உருளைகள் ஊதி, தோல் வெடித்து, அண்டா முழுக்கக் கூழாகிவிட்டது. அத்தனை வருஷத்தில் அவள் கையால் ஓர் அண்டா கெட்டதை நாங்கள் பார்த்தது அன்றுதான்.

அவள் கத்தவில்லை. அண்டாவைக் கவிழ்த்து வாத்துகளுக்குக் கொட்டிவிட்டு வந்து, கையைக் கழுவி, பிள்ளைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நாளையிலேருந்து நீ அங்க போக வேணாம்," என்றாள்.

அன்று சாயங்காலம் டெராமான் வந்து கெஞ்சினான். கடைசிப் பாகம் மட்டும்தானே மிச்சம், ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதே என்றான். ஆட்டை வேண்டுமானால் ஹப்ஸாவையே தமாம் செய்யச் சொல் என்றாள் கல்சோம். அவன் வலையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டான்.

காற்று இறங்கியது. கடல் சாம்பல் நிறமாகி, அலை வந்து தென்னை வேர்களை அரிக்க ஆரம்பித்தது. வேலை குறைந்துவிட்டதால் கொட்டகையில் உட்கார்ந்து காயவைத்த உருளைகளைச் சீவுவதும் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்பதும் ஊர்க்கதை பேசுவதுமாக இருந்தோம். கல்சோம் முதல் சில நாட்கள் வெற்றி பெற்றவளைப் போல நடமாடினாள். பிள்ளையைத் திரும்பப் பிடித்துவிட்டாள் அல்லவா. அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு இரண்டு பெண்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தானே முன்னின்று தொழுவித்தாள். பழையபடி இந்தத் தைமாசத்துக்குள் நானே மிச்சத்தை ஓதிக் கொடுத்துவிடுவேன், எழுத்துக் கூட்டினால் என்ன, எழுத்து எழுத்துத்தானே என்று சொன்னாள்.

பிறகு அவள் பேச்சு குறைந்தது. காரணத்தை எங்களிடம் சொல்லச் சில நாளாயிற்று.

ரொஹாயா ஓதுவதை நிறுத்திவிட்டாள். தொழுகையில் நிற்பாள், குனிவாள், நெற்றியைத் தரையில் வைப்பாள். சத்தம் வராது. கல்சோம் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலும் ஒரு முணுமுணுப்பு கூடக் கேட்காது. சோற்றுக்கு முன்னால் பிஸ்மி சொல்லுகிற வாய் இறுக மூடியிருந்தது. தூங்கப் போகும்போது தாயும் மகளும் சேர்ந்து சொல்லுகிற துஆவைக் கல்சோம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. சின்னவள் மிலா, அக்கா ஊமையாயிட்டா என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

முதலில் முரண்டு என்றுதான் கல்சோம் நினைத்தாள். சக்களத்தி சொல்லிக் கொடுத்த முரண்டு. ஒரு நாள் மழைக்கு நடுவில் பிள்ளையின் தலையை வாரிக்கொண்டே, கோபமில்லாமல் கேட்டாள். ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய் என்று.

"எது சரின்னு தெரியலம்மா," என்றது பிள்ளை. "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி ஓதினா பாவம்னு அவங்க சொல்றாங்க. அவங்க சொல்லிக் குடுத்தத ஓதினா உங்க மூஞ்சி மாறிடுது. ஓதாம இருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல. அதான்."

சீப்பு கையில் அப்படியே நின்றது என்று கல்சோம் எங்களிடம் சொன்னாள். சொல்லும்போதும் அவள் கை அந்தரத்தில்தான் நின்றது. என் மூஞ்சி மாறுறதுக்குப் பயந்து எம் புள்ள அல்லாகிட்ட பேசாம இருக்கு என்று சொல்லிவிட்டு, முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். அவளைத் தேற்றுவதற்கு ஹப்ஸாவை நாலு வார்த்தை திட்டலாம் என்று மெக் யாம் ஆரம்பித்தாள். கல்சோம் அதையும் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் கிளம்பினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே வாய்க்கால் பொங்கி ஓடியது. பாவாடையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு கடந்தாள். அங்கே நடந்ததைக் கல்சோமே எங்களுக்கு நடித்துக் காட்டினாள். பிற்பாடு ஹப்ஸா சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான்.

டெராமான் அன்று அந்த வீட்டு முறையில் இருந்தான். கல்சோம் படியேறுவதைப் பார்த்ததும் காபிக் கோப்பையை வைத்துவிட்டு அடுப்படி வழியாகப் பின்பக்கம் இறங்கிவிட்டான். மழையில் எங்கே போய் நின்றானோ.

"உக்காருங்க அக்கா. நனைஞ்சிருக்கீங்க," என்றாள் ஹப்ஸா.

"உக்கார வரல. மீன் கையோட ஓதினா பாவம்னு எம் புள்ளகிட்ட சொன்னியே, அது எந்தக் கிதாபுல இருக்கு. எடுத்துக் காட்டு. எழுத்துக் கூட்டியாவது படிச்சுப் பாக்குறேன்."

ஹப்ஸா கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தாள். தரையில் சிந்தியிருந்ததைத் துடைத்தாள். வேண்டுமென்றே நேரம் கடத்துகிறாள் என்று கல்சோமுக்குப் பட்டது.

"எந்தக் கிதாபுலயும் இல்ல," என்றாள் கடைசியில். "குர்ஆனத் தொடத்தான் ஒளு வேணும். மனசுலேருந்து ஓதுறதுக்கு வேணாம்."

"தெரிஞ்சேவா சொன்ன?"

"தெரிஞ்சேதான்."

கல்சோம் கைகலப்புக்கே தயாராகப் போயிருந்தாள். இந்தப் பதிலுக்குத் தயாராக இல்லை. நனைந்த குடையோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதுக்கா," என்றாள் ஹப்ஸா. "ரொஹாயா இங்க உக்காந்து ஓதும்போது வலது கை முட்டி மேல இப்படிப் போகும், இப்படி வரும். ஒவ்வொரு வசனத்துக்கும். மாவு உருட்டுற மாதிரி. அவளுக்கே தெரியாது. பிரம்பால தட்டிப் பாத்தேன். கையில தஸ்பீஹ் மாலை குடுத்துப் பாத்தேன். நிக்கல. என் முன்னாடி உக்காந்து நான் சொல்லிக் குடுத்தத ஓதுறா, கை மட்டும் உங்க கொட்டகையில இருக்கு. இத்தன புள்ளைங்க வருது போவுது, ஒண்ணும் என்னுது இல்ல. இவ ஒருத்தியாச்சும் ஓதுற நேரத்துல முழுசா எனக்கு இருக்கட்டும்னு நெனச்சேன். அந்தக் கைய உங்ககிட்டேருந்து பிடுங்கணும்னு வாயில வந்தத சொல்லிட்டேன்."

இதைக் கேட்டதும் தனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது என்று கல்சோம் ஒளிக்காமல் சொன்னாள். அத்தனை வருஷமாகத் தான் எரிந்துகொண்டிருந்த அதே அடுப்பில் அவளும் எரிந்திருக்கிறாள். அந்த ஒரு நிமிஷம் போதும், குடையை விரித்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி வீட்டுக்கு வந்திருப்பேன், பிள்ளை மட்டும் வாயைத் திறந்திருந்தால், என்றாள்.

"நீ எங்கிட்டேருந்து பிடுங்கல," என்று ஹப்ஸாவிடம் சொன்னாள். "ரெண்டு பேர்கிட்டேருந்தும் பிடுங்கிட்ட. அவ இப்ப ஓதுறதே இல்ல. தொழுகையில வாய மூடிக்கிட்டு நிக்கிறா. பிஸ்மி கூட இல்ல."

ஹப்ஸா துடைத்த துணியைக் கீழே போட்டாள்.

"எவ்வளவு நாளா?"

"காத்து இறங்கினதுலேருந்து."

"என்கிட்ட ஏன் உடனே சொல்லல?"

"உன்கிட்டயா. உன்கிட்ட சொல்றதுக்கு நாக்கு வரணுமே எனக்கு."

கல்சோம் குடையை மடக்கி வைத்துவிட்டு, நீ வந்து பிள்ளையிடம் உண்மையைச் சொல் என்றாள். ஹப்ஸா தலையை ஆட்டி மறுத்தாள். திமிரினால் இல்லை. ஓதிக் கொடுக்கிறவள் பிள்ளையைத் தேடி வீடு ஏறக் கூடாது, பிள்ளைதான் ஓதலைத் தேடி வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மீறினால் ஓதல் பிள்ளையிடம் நிற்காது என்பார்கள்.

"சோத்தையும் பிரம்பையும் குடுத்து விட்டது நீங்கதான். நீங்களேதான் கொண்டுவந்து விடணும்," என்றாள் ஹப்ஸா.

அது நியாயம் என்று கல்சோமுக்கும் தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

அடுத்த நாள் ரொஹாயாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். ஹப்ஸா பிள்ளையை எதிரே உட்காரவைத்து, மனப்பாடமாக ஓத ஒளு தேவையில்லை, மீன் கையும் குற்றமில்லை, உன் அம்மா கொட்டகையில் ஓதியதெல்லாம் சரி, நான் சொன்னதுதான் தப்பு என்று தெளிவாகச் சொன்னாள்.

பிள்ளை நம்பாமல் பார்த்தது. "அப்ப ஏன் சின்னம்மா அப்படிச் சொன்னீங்க?"

"பொறாமையில சொன்னேன்."

"யார் மேல?"

"உங்கம்மா மேல."

ரொஹாயா இதை யோசித்தாள். தாயைப் பார்த்தாள், ஹப்ஸாவைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் உங்க மேலதான் பொறாமை," என்றாள். "அப்பாவே சொல்லியிருக்காரு."

அதற்குப் பிறகு அந்த அறையில் பெரியவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிள்ளை எழுந்து போய் வெளியில் இருந்த தொட்டியில் ஒளு செய்துவிட்டு வந்து குர்ஆனைப் பிரித்தது. முதல் வசனத்தில் குரல் உடைந்து காற்றுதான் வந்தது. ஹப்ஸா திருத்தவில்லை. மூன்றாவது வசனத்தில் குரல் வந்தது. கல்சோம் எழுந்து, வந்த வழியே வாய்க்காலைக் கடந்து, வீடு வந்து சேரும் வரை அழுதாளாம். சந்தோஷமா வருத்தமா என்று மெக் யாம் கேட்டதற்கு, ரெண்டும் இல்லடி, அந்தச் சத்தம் என் வீட்டுல வந்திருக்கணும் என்றாள்.

வாடை கழிந்து, கடல் பச்சையாகி, முதல் படகுகள் இறங்கின வாரத்தில் தமாம் வைத்தார்கள். ஆடு அறுத்தாயிற்று. மஞ்சள் சோற்றை மலைமலையாகக் குவித்து, சாயம் தோய்த்த முட்டைகளைக் காகிதப் பூவோடு குச்சிகளில் செருகியிருந்தோம். கல்சோம் வீட்டுக் கூடத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் வெளியே பந்தலில். டெராமான் இரண்டு பக்கமும் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான்.

ரொஹாயா புதுச் சட்டையில் நடுவில் உட்கார்ந்து கடைசிச் சூராக்களை ஓதினாள். ஹப்ஸா ஒரு பக்கம், கல்சோம் ஒரு பக்கம். பிள்ளையின் குரல் ஏறி இறங்கிய ராகம் முழுக்க ஹப்ஸாவுடையது. நிறுத்துகிற இடம், இழுக்கிற இடம், மூக்கில் கொஞ்சம் தங்கவைக்கிற இடம், எல்லாம். கண்ணை மூடிக்கொண்டால் ஹப்ஸாவே ஓதுவதாகத்தான் இருந்தது. பின்னால் இருந்த பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி வியந்தார்கள். கல்சோம் பிள்ளையின் வலது கையைத் தேடுவதை நான் பார்த்தேன். இரண்டு கைகளும் குர்ஆன் மேல் அசையாமல் இருந்தன. கல்சோம் தன் மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஓதல் முடிந்து துஆவும் முடிந்தது. இனி ஒன்றுதான் மிச்சம். பிள்ளைக்கு ஓதிக் கொடுத்தவளின் கையைப் பிடித்து, கொடுத்ததை ஹலாலாக்கும்படி, அதாவது முழு மனசோடு விட்டுக்கொடுக்கும்படி, தாய் கேட்க வேண்டும். அவள் வாய் திறந்து ஆக்கினேன் என்று சொன்னால்தான் கற்றது பிள்ளைக்கு முழுதாகச் சேரும். மற்ற வீடுகளில் இது ஒரு நொடியில் முடிந்துபோகும், தாய்மார்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். கல்சோம் கேட்பாளா என்றுதான் கம்பத்தில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், சோற்றுக்காக இல்லை. கேட்காவிட்டால் பிள்ளை ஓதினது அத்தனையும் அந்தரத்தில் நிற்கும் என்று ரொஹாயாவுக்கும் தெரியும். அவள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்சோம் நிமிர்ந்தாள். மகளுக்குக் குறுக்கே கையை நீட்டி ஹப்ஸாவின் கையைப் பிடித்தாள்.

"எம் புள்ளைக்கு நீ ஓதிக் குடுத்ததையெல்லாம் ஹலாலாக்கிடு ஹப்ஸா," என்றாள். கதவு நிலையைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைப் பார்த்தே கேட்டாள்.

"ஆக்கிட்டேன் அக்கா. ஒரு எழுத்து பாக்கி இல்லாம ஆக்கிட்டேன்." ஹப்ஸா கையை விடவில்லை. "நீங்களும் எனக்கு ஆக்கணும்."

"எதை?"

"உங்ககிட்டேருந்து நான் எடுத்துக்கிட்டத."

இது வழக்கத்தில் இல்லாதது. மெக் யாம் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"டெராமான எப்பவோ ஆக்கிட்டேன்," என்றாள் கல்சோம். பெண்கள் சிரித்துவிட்டார்கள். படிக்கட்டில் இருந்தவன் எழுந்து பந்தலுக்குப் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கல்சோம் சிரிக்கவில்லை. ரொஹாயாவின் முதுகில் கையை வைத்தாள். "இவள ஆக்க எனக்கு இன்னும் மனசு வரல. ஊருக்காகப் பொய் சொல்லி ஆக்கினா அது ஆகாது. மனசு வரும்போது சொல்றேன்."

ஹப்ஸா மெல்லத் தலையாட்டிவிட்டுக் கையை எடுக்கப் பார்த்தாள். கல்சோம் விடவில்லை. மறு கையால், ஓரத்தில் உட்கார்ந்து முட்டையை உரித்துக்கொண்டிருந்த மிலாவை இழுத்தாள். மஞ்சள் கரு அப்பிய அந்தச் சின்னக் கையை எடுத்து ஹப்ஸாவின் கையில் வைத்தாள்.

"அடுத்த வாரத்துலேருந்து இவளும் உங்கிட்ட வருவா," என்றாள். "இவளும் ஓதி முடிக்கட்டும். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே நாள்ல ஆக்கிடறேன். அதுக்குள்ள எனக்கும் வயசாகி இந்த எரிச்சல் கொறையுதான்னு பாப்போம்."

ஹப்ஸா அந்தச் சின்னக் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். கல்சோம் அதைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.